அக்காவை உட்காரவைத்த பாஸ்தா

அக்காவுக்கு என் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இது முதல் தடவை அல்ல. முன்பும் மூன்று நான்கு முறை முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருப்பாள். பிறகு தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி உள்ளே வருவாள். "தீ கொஞ்சம் அதிகமா இருக்கோடா?" என்பாள். அடுத்து, "அந்தக் கரண்டியைக் குடு, ஒரு நிமிஷம்" என்பாள். அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் சமையல் அவள் கைக்குப் போயிருக்கும். நான் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பேன்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சாப்பாடு போட்டவள் அவள்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்படியில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். கல்யாணமாகி அவளுக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது சின்னவனும் படிக்க வெளியூர் போய்விட்டான். மாமாவுக்குப் பாதி மாதம் வெளியூர் வேலை. "ஒருத்திக்கு என்னத்தைடா சமைக்கிறது? ரொட்டியைச் சுட்டுத் தின்னுட்டுப் படுத்துடறேன்" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வருகிற மாதம் இரண்டு நாள் வந்து தங்கு என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றாள். அப்புறம்தான் யோசித்தேன். அடுப்பின் மேல் எது கொதித்தாலும் கரண்டி அவள் கைக்குப் போய்விடும். கரண்டியே தேவைப்படாத சமையல் எது? ஓவனுக்குள் கதவைச் சாத்திவிட்டால் யாராலும் கிளற முடியாது. அப்படித்தான் பாஸ்தா பேக்கில் வந்து நின்றேன். இத்தாலியில் இதைப் பாஸ்தா அல் ஃபோர்னோ என்பார்கள். ஃபோர்னோ என்றால் ஓவன், அவ்வளவுதான் பெயர். வேகவைத்த பாஸ்தா, தக்காளி சாஸ், வெள்ளை சாஸ், மேலே சீஸ். முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். விருந்தாளி வந்த பிறகு செய்ய வேண்டியது ஓவனைத் திறந்து மூடுவது மட்டும். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. அவள் வருவதற்கு மூன்று வாரம் இருந்ததால் சனிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று.

முதல் ஒத்திகையில் கிடைத்தது ஒரு செங்கல். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கத்தியால் வெட்டித் தட்டில் வைத்தால் நான்கு பக்கமும் நேராக நின்றது. மேலே இருந்த பாஸ்தா பல்லில் கடகடவென்றது. உள்ளே இருந்தது குழைந்து மாவாகிக் கிடந்தது. சாஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் செய்த தவறு என்னவென்றால், பாஸ்தாவை அப்படியே தட்டில் போட்டுச் சாப்பிடுவதற்கு எப்படி வேகவைப்போமோ அப்படி வேகவைத்தேன், சாஸையும் சாப்பிடும் பதத்துக்கே சுண்டவைத்தேன். ஓவனுக்குள் போன பிறகு பாஸ்தா சும்மா இருக்காது. சாஸில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உலர்ந்த பாஸ்தா வெந்து முடியும்போது அதன் எடை ஏறக்குறைய இரு மடங்காகிறது, எல்லாம் தண்ணீர்தான். அடுப்பில் முழுதாகக் குடித்துவிட்டு வந்ததும் ஓவனில் இன்னும் குடிக்கும்.

ஆகவே இரண்டு விஷயம். பொட்டலத்தில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும், பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். 'இன்னும் வேகலையே' என்று மனசு அடித்துக்கொள்ளும் அந்த இடம்தான் சரியான இடம். இரண்டாவது, பாத்திரத்தில் கொட்டும்போது சாஸ் அளவுக்கு மீறித் தளர்வாகத் தெரிய வேண்டும். பாஸ்தா சாஸில் நீந்துகிறது, ஐயோ கெட்டுவிட்டது என்று தோன்ற வேண்டும். பயந்துபோய் இன்னும் பாஸ்தா சேர்த்துவிடாதீர்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது பதமாக நிற்கும். அதற்காகவே வடிக்கும் முன் இரண்டு குவளை வேகவைத்த தண்ணீரை எடுத்து வைப்பேன். பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவு அதில் கலங்கலாக இருக்கும். சாஸ் இறுகிவிட்டால் வெறும் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றலாம். தளரும், ஆனால் நீர்த்துப் போகாது.

வேகவைப்பதைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 300 கிராம் பாஸ்தாவுக்கு 3 லிட்டர் தண்ணீர், லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்பு. கொதித்த பிறகு பாஸ்தாவைப் போட்டு முதல் இரண்டு நிமிடம் கிளறினால் ஒட்டாது. தண்ணீரில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன். எண்ணெய் மேலே மிதக்கும். வடிக்கும்போது பாஸ்தாவில் பூசிக்கொள்ளும். அப்புறம் சாஸ் வழுக்கிக்கொண்டு போகும். வடித்த பிறகு குளிர்ந்த நீரில் அலசவும் வேண்டாம். மேலே இருக்கும் பிசுபிசுப்புத்தான் சாஸைப் பிடித்து வைப்பது. சாஸைத் தயாராக வைத்துக்கொண்டு, வடித்த சூட்டோடு அதில் கொட்டிப் புரட்டிவிட்டால் கட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை.

எந்த வடிவம் வாங்குவது என்று கடையில் நின்று குழம்ப வேண்டாம். குழாய் போல இருப்பது எதுவானாலும் சரி. நான் வாங்குவது பென்னே. இத்தாலிய மொழியில் பென்னா என்றால் இறகுப் பேனா. இரண்டு முனையும் பேனா முள் மாதிரிச் சாய்வாக வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். அந்தச் சாய்வான வாய் வழியாகச் சாஸ் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே கோடு கோடாக வரி இருக்கிற வகை இன்னும் நல்லது. ரிகடோனி இன்னும் பருமன். ஸ்பகெட்டி வேண்டாம், ஓவனில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரி ஆகிவிடும்.

தக்காளி சாஸ் எனக்கு என்றைக்கும் தொல்லை கொடுத்ததில்லை. ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் பொன்னிறத்துக்கு முந்தைய பதம் வரை வதக்கி, நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டு, வாசம் வந்ததும் 400 கிராம் தக்காளி டின் இரண்டைக் கொட்டி, உப்புப் போட்டு, சிறு தீயில் 20 நிமிடம். புளிப்பு நாக்கில் குத்தினால் ஒரு சிட்டிகை சர்க்கரை. துளசி வகையைச் சேர்ந்த பேசில் இலை கிடைத்தால் இறக்கும்போது கிள்ளிப் போடலாம். முன்னாலேயே போட்டால் வாசம் ஓடிப்போகும். பூண்டை மட்டும் கருகவிடாதீர்கள், கசப்பு கடைசி வரை நிற்கும்.

அக்கா மாமிசம் தொடமாட்டாள். அதனால் காளானும் குடைமிளகாயும் சேர்ப்பதாகத் திட்டம். காளானைப் பச்சையாகச் சாஸில் போட்டால் தண்ணீர் விட்டுவிட்டு ரப்பராக நிற்கும். அகலமான வாணலியில், நல்ல தீயில், நெருக்கியடிக்காமல் பரப்பி, தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றி, ஓரம் சிவக்கும் வரை வதக்க வேண்டும். முதலில் பாத்திரம் நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாகச் சுருங்கும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, ருசி முழுக்க அந்தக் கைப்பிடியில் இருக்கிறது.

இனி வெள்ளை சாஸ். என்னைப் படுத்தியெடுத்தது இதுதான். வெண்ணெய், மைதா, பால் என்று மூன்றே பொருள். இவ்வளவு குறைவான பொருளில் இவ்வளவு அசிங்கமாக ஒன்றைச் செய்ய முடியும் என்பதை நான்தான் கண்டுபிடித்திருப்பேன். முதல் ஒத்திகையில் பாலைக் கொதிக்கவைத்து, அதில் மைதாவை நேராகக் கொட்டினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாக மிதந்தது. ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். வெளியே வழவழ, உள்ளே காய்ந்த மாவு. சூடான பாலில் பட்டதும் உருண்டையின் வெளித்தோல் வெந்து கெட்டியாகிவிடுகிறது. அப்புறம் உள்ளே பால் போக வழியில்லை.

வெண்ணெய் எதற்கு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மைதாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்புச் சுற்றிக்கொண்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. பால் வந்ததும் தனித்தனியாகப் பிரிந்து ஊறும். 40 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, அதே எடை மைதாவைப் போட்டு, இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை மாவு வாசம் போய், சுட்ட பிஸ்கட் போல ஒரு வாசம் வரும். நிறம் மாற வேண்டியதில்லை. இப்போது அரை லிட்டர் பால். இங்கேதான் பொறுமை. முதலில் ஒரு சின்னக் குவளை அளவு மட்டும் ஊற்றி விடாமல் அடிக்க வேண்டும். அது களிம்பு மாதிரி இறுகும், கெட்டுப்போயிற்று என்று தோன்றும். கெடவில்லை. இன்னொரு குவளை, மறுபடி அடிப்பது. நான்காவது தடவை ஊற்றும்போது அது தானாகவே வழுவழுவென்று வழிவிடும். அதற்குப் பிறகு மிச்சத்தை மொத்தமாக ஊற்றலாம். பால் குளிர்ச்சியாக இருக்கலாமா, சூடாக இருக்க வேண்டுமா என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. நான் இரண்டும் செய்து பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் இரண்டுமே சரியாக வருகிறது; மொத்தமாக ஊற்றினால் இரண்டுமே சொதப்புகிறது.

லேசாகக் கொதி வரும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கும் முன் 'கெட்டியாகவில்லையே' என்று இன்னும் மைதா போடக் கை போகும். மாவு முழுதாக ஊதிக் கெட்டிப்படுவது கொதிநிலையை நெருங்கும்போதுதான். கரண்டியின் முதுகில் சாஸ் படிய வேண்டும், அதில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய்த் தூள். ஜாதிக்காயை அள்ளிப் போட்டால் மருந்து வாசம் வரும், இரண்டு இழுப்பு இழைத்தால் போதும். இத்தனைக்கும் பிறகு கட்டி தட்டினால்? வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துவிடுங்கள். இரண்டாவது ஒத்திகையில் நான் அதைத்தான் செய்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை.

சீஸ் கதை வேறு. கடையில் மொசரெல்லா இரண்டு விதமாக இருந்தது. ஒன்று தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை, இன்னொன்று இறுகலான கட்டி. உருண்டைதான் உயர்ந்த ரகம் போல இருக்கிறதே என்று அதை வாங்கினேன். வெளியே எடுத்தபோது பாஸ்தாவின் மேல் சின்னக் குளம் கட்டியிருந்தது. அந்த உருண்டையில் ஈரம் அதிகம். உருகும்போது அத்தனையும் வெளியே வரும். அதைத்தான் போடுவேன் என்றால் பிய்த்து வடிகட்டியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போடலாம். இல்லாவிட்டால் இறுகலான கட்டியே இதற்குப் பொருத்தம். நன்றாக உருகும், நூலாக இழுபடும். துருவி விற்கும் பொட்டலத்தை வாங்கும் முன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். துருவல் ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அதனால் அது கட்டியைத் துருவியது போல வழுவழுப்பாக உருகுவதில்லை. துருவ ஐந்து நிமிடம் ஆகாது.

மொசரெல்லாவுக்கு இழுவை உண்டே தவிரச் சுவை மென்மைதான். சுவைக்குக் கூடவே அழுத்தமான ஒன்று வேண்டும் என்று பார்மேசன் என்ற கெட்டிச் சீஸ் ஒரு துண்டு வாங்கி, இரண்டாவது ஒத்திகையில் தாராளமாகத் துருவிப் போட்டேன். பிரமாதமாக இருந்தது. இதே துண்டின் மிச்சத்தை அக்காவுக்குப் போடலாம் என்று எடுத்தும் வைத்தேன். ஒரு நாள் சும்மா உறையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ரென்னட் என்ற சொல் கண்ணில் பட்டது. பாலைத் திரைய வைக்கும் பொருள் அது. அசல் பார்மேசனான பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. கிரானா பதானோ என்ற இன்னொரு இத்தாலியக் கெட்டிச் சீஸும் அப்படியே. பாலிலிருந்து வருவதுதானே, சீஸில் என்ன இருக்கப்போகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நாற்பது வருடமாக மாமிசம் தொடாதவளுக்குத் தெரியாத்தனமாக அதைப் போட்டிருப்பேன்.

நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னட் சேர்த்த கெட்டிச் சீஸ் தனியாகக் கிடைக்கிறது, உறையில் சைவம் என்றே அச்சிட்டிருப்பார்கள். மொசரெல்லாவிலும் இதைப் பார்த்து வாங்கினேன். யாருக்காகச் சமைக்கிறோமோ அவர் எதைத் தொடமாட்டார் என்பது நமக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பொருள் எந்தெந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்திருக்காது. அக்காவிடம் பிற்பாடு இதைச் சொன்னேன். "அப்போ போன வருஷம் நான் கல்யாணத்துல சாப்பிட்டது?" என்றாள். "அதை விடுக்கா" என்றேன்.

மூன்றாவது ஒத்திகை பாத்திரத்தோடு போயிற்று. இந்த முறை முந்தின இரவே எல்லாம் அடுக்கி, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். விருந்தன்றும் அப்படித்தானே செய்யப்போகிறோம், பழகிப் பார்ப்போம் என்று. மறுநாள் ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உள்ளே தள்ளினேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும், துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் பாத்திரம் மூன்றாகப் பிளந்து, தக்காளி சாஸ் ஓவனின் அடித்தட்டில் வழிந்து புகைந்துகொண்டிருந்தது. புகை எச்சரிக்கைக் கருவி அலறி ஊரைக் கூட்டியது வேறு.

ஓவனில் வைக்கலாம் என்று எழுதியிருந்த பாத்திரம்தான் அது. ஓவன் சூட்டைத் தாங்கும். திடீர் மாற்றத்தைத் தாங்காது. ஒரு பக்கம் சூட்டில் விரிகிறது, சில்லென்ற பாஸ்தா ஒட்டியிருக்கும் பக்கம் விரியாமல் நிற்கிறது, நடுவில் பிளந்துகொள்கிறது. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஈரமான மேடையில் வைத்தாலும் இதே ஆபத்துத்தான். மேலே இருக்கும் பாஸ்தா நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு கணம் கை நீண்டது உண்மை. அதைச் செய்யக் கூடாது. கண்ணாடிச் சில் கண்ணுக்கே தெரியாத அளவில் தெறித்திருக்கும். ஆறவிட்டு மொத்தத்தையும் கொட்டினேன். ஓவனைத் துடைக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

அதற்கப்புறம் முந்தின நாளே அடுக்கி வைப்பதென்றால் உலோகத் தட்டுத்தான். அதையும் சூடாக்கும் முன் அரை மணி நேரம் வெளியே வைப்பேன். குளிர்ந்த பாஸ்தாவுக்கு ஓவனில் 10 முதல் 15 நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும். இரவு முழுக்க ஊறியதில் சாஸைக் குடித்திருக்கும் என்பதால், உள்ளே வைக்கும் முன் ஓரங்களில் அரைக் குவளைப் பால் ஊற்றுவேன்.

அக்கா வந்த சனிக்கிழமை அதையும் மாற்றினேன். முந்தின நாள் தக்காளி சாஸை மட்டும் செய்து வைத்தேன். அது ஒரு நாள் இருந்தால் இன்னும் ருசிதான். மாலை ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். வெள்ளை சாஸ், காளான், பாஸ்தா என்று வரிசையாக முடித்து, 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டில் பரப்பினேன். தக்காளி சாஸோடு பாதி வெள்ளை சாஸைக் கலந்து பாஸ்தாவைப் புரட்டியது ஒரு அடுக்கு, கொஞ்சம் மொசரெல்லா, மறுபடி பாஸ்தா, மேலே மிச்ச வெள்ளை சாஸ். மொத்தம் 150 கிராம் மொசரெல்லா, 50 கிராம் கெட்டிச் சீஸ். கடைசியாக ஒரு கைப்பிடி ரொட்டித்தூளை ஒரு கரண்டி உருக்கிய வெண்ணெயில் பிசறித் தூவினேன். உலர்ந்த தூளை அப்படியே தூவினால் மணல் மாதிரி இருக்கும், சீக்கிரம் கருகவும் கருகும்.

அவள் மணி அடித்தபோது தட்டு அலுமினியத் தாளுக்கு அடியில், ஓவன் 200 டிகிரியில். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும். தாளின் உட்புறம் எண்ணெய் தடவியிருந்தேன், இல்லாவிட்டால் சீஸ் முழுவதும் தாளோடு உரிந்து வந்துவிடும். முதல் 15 நிமிடம் தாளோடு, பிறகு 15 நிமிடம் தாள் இல்லாமல். மேலே சிவப்பது மட்டும் வெந்ததற்கு அடையாளம் அல்ல. ஓரங்களில் சாஸ் குமிழியிட வேண்டும், நடுவில் கத்தியைப் பத்து நொடி செருகி எடுத்தால் சூடு சுள்ளென்று இருக்க வேண்டும்.

அக்கா பையை வைத்துவிட்டு, எதிர்பார்த்த மாதிரியே தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தாள். அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"என்னடா, வெளியே போய்ச் சாப்பிடறோமா?"

"உள்ளே இருக்கு" என்று ஓவனைக் காட்டினேன்.

குனிந்து கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். "கிளற வேண்டாமா?"

"கிளறக் கூடாது."

ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள், கையை எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி. பிறகு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் பேசினோம். அடுப்பைப் பார்க்க எழுந்து போகாமல் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசி எத்தனை வருடமாகிறது என்று எனக்கு நினைவில்லை. சின்னவனின் அறையைப் பற்றிச் சொன்னாள். போன பிறகு இன்னும் அந்த அறையின் போர்வையை மடிக்கவில்லை என்றாள். மடித்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதற்குள் சீஸ் வாசம் கூடத்துக்கு வந்துவிட்டது.

கடைசி இரண்டு நிமிடம் மேல் சூட்டை மட்டும் போட்டேன். அந்த இரண்டு நிமிடம் எங்கேயும் போகக் கூடாது. பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே அரை நிமிடம்கூட இல்லை. எனக்கு ஒரு மூலை கொஞ்சம் கருகிவிட்டது. வெளியே எடுத்து வைத்ததும் அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். "பத்து நிமிஷம் பொறு" என்றேன். இது நான் பிடிவாதம் பிடித்த விஷயம். எடுத்தவுடன் வெட்டினால் சாஸ் ஓடிவிடும், நாக்கும் வெந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் கூழாகத் தளதளவென்று இருந்தது சேர்ந்து நிற்கும். ஆறிவிடும் என்று பயப்பட வேண்டாம், அத்தனை கனமான தட்டு பத்து நிமிடத்தில் ஆறாது.

மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான்தான் பரிமாறினேன். முதல் கரண்டி வாய்க்குப் போன பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கரண்டிக்குப் பிறகு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அது சரிதான், காளானுக்கு நான் உப்புப் போட மறந்திருந்தேன். பிறகு கருகிய அந்த மூலையைச் சுரண்டி, "இது எனக்கு" என்று தன் தட்டில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தெரிந்து எந்தச் சாப்பாட்டிலும் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டதில்லை. அடுத்த முறை நான்கு மூலையையும் வேண்டுமென்றே கருகவிடலாமா என்று யோசிக்கிறேன்.

முக்கால்வாசிதான் தீர்ந்தது. இந்த அளவு நான்கு பேருக்கு வரும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் சூடாக்கும்போது மேலே இரண்டு கரண்டிப் பாலைத் தெளித்து, மூடி, உள்வரை ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். இதையெல்லாம் அக்காவிடம் விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனேன். ஊருக்குத் திரும்பும்போது ஒரு டப்பா கட்டித் தருவதாகவும் சொன்னேன். தனக்கு மட்டும் செய்துகொள்வதாக இருந்தால் 80 கிராம் பாஸ்தா, ஒரு சின்னக் கிண்ணம், ஓவனில் 20 நிமிடம் போதும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படி விளக்கு போடவில்லை, ஆனால் வெளிச்சம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே, டப்பாவிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூடாக்கக்கூட இல்லை.

"உட்கார்ந்து சாப்பிடேன்க்கா."

"ஷ்ஷ். இப்பத்தான் உப்பு சரியா இருக்கு" என்றாள் வாய் நிறைய.

இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன்.